ஈறில் ரத்தமா? அலட்சியம் வேண்டாம்



பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், "பிரஷ் பட்டிருக்கும்" என்று துப்பிவிட்டுப் போகிறோம். உத்திரமேரூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வலி வந்தால்தான் பல் மருத்துவரைத் தேடுகிறோம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளரும். கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும்.

மாதம் ஒருமுறை, மிஸ்வாக் செய்து உளூ எடுத்ததும் கண்ணாடி முன் நின்று பார்ப்போம்:

1. துப்பிய எச்சிலில் ரத்தம் உண்டா?
2. ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா?
3. ஈறு இறங்கி, பல் நீளமாகத் தெரிகிறதா?
4. துலக்கிய பிறகும் வாய் நாறுகிறதா?
5. பல் ஆடுகிறதா? சீழ் வருகிறதா?

ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் காட்டுவோம். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அவர் கருவியால் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு; அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இதை வீட்டில் அளக்க முடியாது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும். ரத்தம் இல்லையென்று நிம்மதி அடைய வேண்டாம்.

சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படவிடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரை வீட்டுக்கு வரும் நாளில், நம் பெரியவர்களின் ஈறையும் பார்த்துவிடுவோம்.

ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தக் கூடாது. மிஸ்வாக் நுனியை மென்று மிருதுவாக்கி, ஈறோரம் மெல்லத் தேய்ப்போம். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஈறு தேறிவிடும், இன்ஷா அல்லாஹ்.