கல்லில் வாட்டிச் சாப்பிடும் கியூகட்சு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டோக்கியோவின் ஷிபுயா, ஷின்ஜுகு பக்கம் போனால், சில சந்துகளில் மாடிப்படி வரை நீளும் வரிசைகளைப் பார்க்கலாம். பல வரிசைகளின் முனையில் ஒரு கியூகட்சுக் கடை இருக்கும். மாட்டிறைச்சிக்கு ரொட்டித்தூள் போர்த்தி, சூடான எண்ணெயில் ஒரு நிமிடம் போலப் பொரித்து எடுப்பதுதான் கியூகட்சு. மேலே மொறுமொறுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு. அதைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, பக்கத்தில் சூடான சிறு கல் ஒன்றையும் வைத்துவிடுவார்கள். மீதிச் சமையலை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளிடம் இதற்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த கடைகளில் ஒன்று மோட்டோமுரா. எந்தக் கடையானாலும் ருசியில் பாதி சமையற்காரர் கையில், பாதி நம் கையில்.

செய்ய வேண்டியவை

• வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். கடை திறப்பதற்குச் சற்று முன்பே போய்விடுங்கள். அல்லது மதியக் கூட்டம் வடிந்த பிறகு, மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். பிற்பகலில் கடையைச் சாத்தாத கிளைதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

• எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு வரிசையில் நில்லுங்கள். கடைகள் சிறியவை, பல கிளைகளில் கவுண்டரை ஒட்டிய சில இருக்கைகள்தான். பாதிப் பேர் உள்ளேயும் பாதிப் பேர் ரயில் நிலையத்திலும் இருந்தால் கடைக்காரருக்கும் சங்கடம், பின்னால் நிற்பவருக்கும் சங்கடம். பெரிய பெட்டிகளை ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

• வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்யுங்கள். பல இடங்களில் மெனுவை அங்கேயே கொடுத்து ஆர்டரும் எடுத்துவிடுவார்கள். ஒருவருக்கான வழக்கமான அளவு சுமார் 130 கிராம் இறைச்சி. பார்க்கக் குறைவாகத் தோன்றும். சோறு, மிசோ சூப், முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்தால் வயிறு நிறைந்துவிடும்.

• ஒன்றிரண்டு துண்டுகளாக வாட்டுங்கள். வெட்டுப்பட்ட முகம் கல்லில் படவேண்டும். ரொட்டித்தூள் ஓரம் ஏற்கெனவே பொரிந்தது, அதற்கு மறுபடி சூடு தேவையில்லை. நிறம் மாறியதும் திருப்பிப் போட்டு, உங்களுக்குப் பிடித்த பதத்தில் எடுத்து, சூடாக இருக்கும்போதே வாயில் போடுங்கள்.

• ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் துண்டுக்கு உப்பு மட்டும். அடுத்ததற்கு வசாபியை இறைச்சியின் மேல் லேசாக வைத்து, சோயா சாஸில் நுனியைத் தொட்டுக்கொள்ளுங்கள். கொழுப்புள்ள இறைச்சியில் வசாபியின் காரம் அடங்கிவிடும். கொஞ்சம் தாராளமாகவே வைக்கலாம்.

• டொரோரோ வந்தால் சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள். கொழகொழவென்று துருவிய இந்தக் கிழங்கு, பார்லி கலந்த சோற்றுக்கென்றே வருவது. சோறு தீர்ந்ததும் “ஒகாவாரி” என்று கேளுங்கள். மறுசோறு இலவசமாகத் தரும் கடைகள் உண்டு.

செய்யக்கூடாதவை

• மொத்தத் துண்டுகளையும் ஒரேயடியாகக் கல்லில் அடுக்காதீர்கள். கல் குளிர்ந்துவிடும். இறைச்சி வாடாமல் வேகும். நீர் விட்டு ரப்பராகும். கல்லுக்குக் கீழே இருக்கும் எரிபொருள் கட்டி அணைந்துவிட்டால் “சுமிமாசென்” என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். கல்லை நீங்களே நகர்த்தப் போகாதீர்கள்.

• “உள்ளே வேகவில்லை” என்று தட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள். பன்றி இறைச்சியில் செய்யும் டொன்கட்சு முழுக்க வெந்து வரும். இது அப்படி அல்ல. முழுக்க வெந்ததுதான் வேண்டுமென்றால் அதற்குத்தான் கல் இருக்கிறது.

• அதற்காகச் சிவப்பாகவே விழுங்குவதை வீரமாக நினைக்காதீர்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் நடுப்பகுதி வரை வாட்டியே சாப்பிட வேண்டும். ஜப்பானில் 2011இல் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டவர்கள் உயிரிழந்த பிறகு அரசு விதிகளைக் கடுமையாக்கியது. 2012இல் பச்சை மாட்டு ஈரலை விற்பதற்கே தடை வந்தது.

• வாட்டாத துண்டைத் தொட்ட குச்சியாலேயே சாப்பிடாதீர்கள். இடுக்கி கொடுத்தால் கல்லில் போட அதைப் பயன்படுத்துங்கள். கொடுக்காவிட்டால் இன்னொரு ஜோடிக் குச்சி கேட்டு வாங்கலாம்.

• மிசோ சூப்பை ரசம் மாதிரி சோற்றில் ஊற்றிப் பிசையாதீர்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கி உறிஞ்சிக் குடிப்பதே அங்கே முறை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்குத் துண்டை மாற்றிக் கொடுப்பதும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுக்கும் சடங்கை அது நினைவூட்டும்.

• முட்டைக்கோஸை ஒதுக்காதீர்கள். பொரித்த இறைச்சியோடு அதைப் பச்சையாகச் சீவி வைக்கும் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததாக, 1895இல் பிறந்த கின்சாவின் ரெங்காதேய் உணவகத்தைச் சொல்வார்கள். இறைச்சிக்கு இடையிடையே மென்றால் எண்ணெயின் திகட்டல் தெரியாது.

• மாட்டிறைச்சி சாப்பிடாதவரைத் துணைக்கு அழைத்து வராதீர்கள். மெனுவில் வேறு எதுவும் இல்லாத கடைகளே அதிகம். ஆளுக்கொரு செட் வாங்கச் சொல்வதும் உண்டு. சைவக்காரர் சூப்பை மட்டும் குடித்து ஒப்பேற்றவும் முடியாது; அதன் அடிச்சாறு பெரும்பாலும் மீனில் ஆனது. ஹலால் பார்ப்பவர்கள் இறைச்சியோடு பொரிக்கும் எண்ணெயையும் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம். கோதுமையும் முட்டையும் ஒவ்வாதவர்களுக்கு ரொட்டித்தூள் போர்வையே ஆகாது.

• மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லாதீர்கள். அரைகுறையாக வெந்த இறைச்சியைக் கொடுத்தனுப்பக் கடைக்காரர் தயங்குவார், அது நியாயம்தான். டிப்ஸும் வைக்காதீர்கள், ஜப்பானில் அந்தப் பழக்கமில்லை, மறந்துவிட்டுப் போனதாக நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து கொடுக்கவும் கூடும்.

• சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து கதை பேசாதீர்கள். பில்லைக் கட்டி, “கோச்சிசோசமா” சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். கால்கடுக்க நின்றது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்; வாசலில் இப்போது நிற்பவருக்கும் அதே பசிதான்.