தேய்வைத் தாங்கும் மெல்லிய பூச்சு

நுழையும்முன்

எந்திர உறுப்புகளைப் பயனற்றவையாக்கும் காரணங்களுள் முதன்மையானது தேய்வு. முடியைவிடப் பன்மடங்கு மெல்லிய ஒரு பூச்சு அதனை எவ்வாறு தடுக்கிறது, எப்போது தடுக்கத் தவறுகிறது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

தேய்வைக் குறிக்கும் சொற்கள்

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டு நகரும் இடமெல்லாம் தேய்வு உண்டு. அம்மி தேய்கிறது, செருப்பின் அடி தேய்கிறது, கிணற்றின் கல்விளிம்பில் கயிறுகூடத் தடம் பதிக்கிறது. இதைப் பற்றிப் பேச நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தேய்தல், உராய்தல், சிராய்த்தல், அரித்தல் ஆகியவை ஒரே பொருள் தருவன அல்ல. மணற்பரல் போன்ற கடினத் துகள் மென்மையான பரப்பைக் கீறிச் செல்வது சிராய்ப்பு. இரு உலோகப் பரப்புகளின் நுண்மேடுகள் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டு, நகரும்போது ஒன்றின் துணுக்கை மற்றொன்று பிய்த்தெடுப்பது ஒட்டுத்தேய்வு. காற்றும் ஈரமும் வேதிமாற்றத்தை உண்டாக்கிப் பரப்பை உதிர்ப்பது அரிப்பு. பொறியாளர் வகுக்கும் பிரிவுகளும் ஏறத்தாழ இவையே. கலைச்சொல் ஆக்குவோர் முதலில் வழக்குச் சொற்களைத் தேட வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

1953ஆம் ஆண்டு ஆர்ச்சர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் தேய்வுக்கு ஓர் எளிய கணக்கைத் தந்தார். தேய்ந்து போகும் பொருளின் அளவு, அழுத்தும் சுமைக்கும் உரசிச் செல்லும் தொலைவுக்கும் ஏற்பக் கூடும்; பரப்பின் கடினம் மிகுந்தால் குறையும். அப்படியானால் கருவி முழுவதையும் மிகக் கடினமான பொருளால் செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மிகக் கடினமானவை பெரும்பாலும் எளிதில் நொறுங்குபவை. இரும்பைத் துளைக்கும் டிரில் பிட் சுழலும்போது முறுக்கத்தையும் அதிர்வையும் தாங்க வேண்டும். உள்ளே முறியாத தன்மை, வெளியே தேயாத தன்மை என இரண்டும் அதற்கு வேண்டும். நம் பல்லின் அமைப்பும் இத்தகையதே: கடினமான எனாமல் மேலே, அதனைவிடச் சற்று நெகிழ்வான பல்திசு உள்ளே.

தெரிந்து தெளிவோம்

உராய்வு, தேய்வு, உயவு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயும் துறை டிரைபாலஜி எனப்படும். 'உரசுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு 1966இல் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையால் இப்பெயர் பரவியது.

பொன்னிறப் பூச்சு

கருவிக் கடைகளில் பொன்னிற டிரில் பிட்டுகளைக் கண்டிருப்பீர்கள். அந்நிறம் பொன்னால் வந்தது அன்று. டைட்டேனியம் நைட்ரைடு என்னும் சேர்மத்தின் இயல்பு நிறம். அதன் பருமன் பொதுவாக இரண்டு முதல் நான்கு மைக்ரோமீட்டர் வரையே. தலைமுடி ஏறத்தாழ எழுபது மைக்ரோமீட்டர் பருமன் உடையது என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. பிட்டின் உடலான அதிவேக எஃகின் கடினம் விக்கர்ஸ் அளவில் 800 முதல் 900 வரை. பூச்சின் கடினமோ 2000க்கும் மேல்.

பூசும் முறையில் வெப்பமே பெருந்தடையாக இருந்தது. வாயுக்களின் வேதிவினையால் பூச்சைப் படியவைக்கும் பழைய முறைக்கு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் தேவைப்பட்டது. கார்பைடுக் கருவிகள் அதனைத் தாங்கின. அதிவேக எஃகோ அவ்வெப்பத்தில் தன் கடினத்தை இழந்துவிடும். பின்னர், வெற்றிடக் கலத்தினுள் டைட்டேனியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனுடன் சேரவிட்டு, 500 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்தில் படியவைக்கும் முறை வந்தது. 1980களில் பூச்சிட்ட எஃகுப் பிட்டுகள் தொழிற்கூடங்களில் பரவியது இதனாலேயே.

பூச்சு உரிவது ஏன்?

கடினத்தை மட்டும் பார்ப்பவர் பூச்சைப் பாதியே அறிந்தவர். பூச்சு அடிப்பரப்பைப் பற்றி நிற்பதே அதன் உயிர்நிலை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், நவச்சாரமிட்டு அழுக்கு நீக்கிய பிறகே ஈயத்தைத் தேய்ப்பார். அழுக்கிருந்தால் ஈயம் பிடிக்காது. வெற்றிடக் கலத்திலும் அதுவே நடக்கிறது. பூசுவதற்கு முன் ஆர்கான் அயனிகளை மோதவிட்டுப் பரப்பைத் தூய்மை செய்கின்றனர். எண்ணெய்க் கறையோ துருவோ எஞ்சினால் அவ்விடத்தில் பூச்சு உரியும்.

அடிப்பரப்பு மென்மையாக இருந்தாலும் கேடுதான். சேற்றின்மேல் காய்ந்த ஓடு எவ்வளவு கெட்டியானாலும் கால் வைத்தால் உடைந்து அமிழும் அல்லவா? மென்மையான உலோகத்தின்மேல் இட்ட கடினப் பூச்சும் சுமை ஏறியதும் அவ்வாறே விரிசல் காணும். பருமனைக் கூட்டினால் தீருமா என்றால், அதுவும் இல்லை. பூச்சினுள் உருவாகும்போதே அடைபட்ட தகைவு உண்டு. பருமன் ஏற ஏற அது பூச்சை அடிப்பரப்பினின்று பெயர்க்க முயலும். பெயர்ந்த துணுக்குகளோ எஃகைவிடக் கடினமானவை. அவை இடையில் சிக்கி, காக்க வேண்டிய பரப்பையே கீறுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

எனவே பற்றுறுதியைச் சோதித்தே பூச்சை ஏற்கின்றனர். வைரக் கூர்முனையைப் பூச்சின்மீது இழுத்தவாறே சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது கீறல் சோதனை. பூச்சு பெயரத் தொடங்கும் சுமை அதன் மாறுநிலைச் சுமை. பருமனை அளக்கும் முறை இன்னும் எளிது: வைரப்பசை தடவிய எஃகு உருண்டையைச் சுழலவிட்டுச் சிறு குழி பறிப்பர், உருண்டையின் விட்டமும் குழியில் தெரியும் வளையங்களின் அகலமும் பருமனைச் சொல்லிவிடும்.

வெப்பமும் கூர்தீட்டலும்

விரைந்து வெட்டும்போது கருவியின் முனை கடுமையாகச் சூடேறுகிறது. ஏறத்தாழ 600 டிகிரியை எட்டும்போது டைட்டேனியம் நைட்ரைடு ஆக்சிஜனுடன் சேர்ந்து சிதையத் தொடங்கும். அதனுடன் அலுமினியத்தையும் சேர்த்த பூச்சு இதனினும் உயர்ந்த வெப்பத்தைத் தாங்குகிறது. சூட்டில் அதன் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு படலம் தோன்றி, உட்பகுதிக்கு ஆக்சிஜன் செல்வதைத் தடுக்கிறது. இப்பூச்சு பொன்னிறம் உடையதன்று; கருமையும் ஊதாவும் கலந்தது. நிறத்தை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்வோர் இதனைக் கருத வேண்டும்.

மழுங்கிய பிட்டை மீண்டும் கூர்தீட்டும்போது, சாணைக்கல் பட்ட முனைப்பகுதியில் பூச்சு முழுவதும் போய்விடுகிறது. ஆயினும் சீவல்கள் வழுக்கி வெளியேறும் சுருள்பள்ளத்தில் பொன்னிறம் எஞ்சி நிற்கும். அங்கே சீவல் ஒட்டாமல் நழுவுவதால், கூர்தீட்டிய பிறகும் அந்தப் பிட் பூச்சில்லாத பிட்டைவிடக் கூடுதல் துளைகளை இடுகிறது.