வழிமறித்த சொல்

தடுத்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் 'பிரிவென்ட்' என்பதை நம் அங்கத்தினர் பெரும்பாலோர் அறிவர். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டது 'ஃபோர்ஸ்டால்' என்னும் சொல். இது சந்தையில் வளர்ந்த சொல்லாதலின், விளைவிப்போருக்கும் நெய்வோருக்கும் இதன் வரலாறு அயலன்று.

'ஃபோர்' என்பது முன். 'ஸ்டால்' என்பது பழைய ஆங்கிலத்தில் நிற்குமிடம். வழியில் முன்னதாகச் சென்று நின்று ஒருவனை மறித்துத் தாக்குதலே இதன் பழம்பொருள். பின்னர், சந்தைக்கு வரும் தானியத்தை வழியிலேயே எதிர்கொண்டு மலிவாக வாங்கி, சந்தையில் விலையேற்றி விற்கும் வியாபாரியின் செயலுக்கு இதுவே பெயராயிற்று. சுமையோடு வரும் குடியானவன் அன்றைய விலையை அறியான், வியாபாரி அறிவான். அவ்வறியாமையே இவனுக்கு மூலதனம். இங்கிலாந்தில் 1552ஆம் ஆண்டுச் சட்டம் இக்குற்றத்திற்கு முதன்முறை இரண்டு மாதச் சிறையும் பொருளின் மதிப்பை இழத்தலும் விதித்தது. மூன்றாம் முறை அகப்பட்டவன் ஊரார் காணத் தண்டனை மரத்தில் பூட்டப்பட்டு, உடைமை யாவும் இழக்க வேண்டும். அச்சட்டம் 1772இல் நீக்கப்பட்டது. எஞ்சியிருந்த வழக்குச் சட்டக் குற்றமும் 1844இல் ஒழிந்தது. அதே 1844 டிசம்பரில் ராச்டேல் நகரில் 28 அங்கத்தினர் கொண்ட சங்கம் தன் கூட்டுறவுக் கடையைத் திறந்தது. அவருள் நெசவாளரும் பலர். இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் நம்மனோர் குறித்துக்கொள்ளத்தக்கது.

இன்று இச்சொல் பெரும்பாலும் குற்றப்பொருள் நீங்கி வழங்குகிறது. வரவிருப்பதை உணர்ந்து, அது வருமுன் தாம் முந்திச் செயல்பட்டு, அதற்கு இடமில்லாமற் செய்தலே பொருள். விதைநேர்த்தி செய்து பயிர்நோயைத் தவிர்த்தல் ஃபோர்ஸ்டால் ஆகும். வயலில் நோய் கண்டபின் மருந்து தெளித்தல் ஆகாது. அதற்குச் 'செக்' என்பதே ஏற்ற சொல்.

'அவெர்ட்' என்பதும் இதற்கு உறவே. ஆனால் அதன் லத்தீன் வேர் திருப்புதலைக் குறிக்கும். நெருங்கிவிட்ட ஆபத்தை விலக்கிவிடுவதற்கு அது பொருந்தும். ஆளைத் தடுத்தலுக்கு அது வாராது. ஃபோர்ஸ்டால் அவ்வாறன்று. பொதுக்கூட்டத்தில் ஒருவர் ஆட்சேபம் கூற எழுமுன்னரே காரியதரிசி அதற்கு விடை கூறிவிட்டால், ஆட்சேபத்தை ஃபோர்ஸ்டால் செய்தார் எனவும், அவரையே ஃபோர்ஸ்டால் செய்தார் எனவும் எழுதலாம். பிரிவென்ட்டுக்குப்பின் வரும் 'ஃப்ரம்' என்னும் இடைச்சொல்லை மட்டும் இதனோடு சேர்த்தல் வழக்கன்று.