கடற்பாசியும் கிருமியும்: அறிய வேண்டியவை

ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்ற வருவோரும் அவர்தம் உறவினரும் எம்மிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: "கடற்பாசிப் பொடி கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விட்டுவிட்டு அதைச் சாப்பிடலாமா?" கூடாது என்பதே எமது விடை. எனினும் அச்செய்தி முற்றிலும் பொய்யன்று. அதில் மெய் எவ்வளவு என்பதை இவ்விதழில் விளக்குகிறோம்.

பாசியில் உள்ளது என்ன?

கடற்பாசியின் செல்சுவர்களில் சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக் கிடக்கின்றன. இவற்றைக் கூட்டுச்சர்க்கரைகள் என்கிறோம். பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட்டும் ஃபுகாய்டனும், சிவப்புப் பாசிகளில் அகாரும் கராஜினனும் உள்ளன. இராமேசுவரம், மண்டபம் பகுதிப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும், மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகாரும் கிடைக்கின்றன.

அகார்: கிருமிக்கு இட்ட இருக்கை

நோன்புக் காலத்தில் பல இல்லங்களில் இனிப்பாகச் செய்யப்படும் 'கடல்பாசி' அகாரே. அது கிருமியைக் கொல்வதில்லை. மாறாக, ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கவே பயன்படுகிறது. 1881-82ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்படுத்திய அகாரை ஆய்வுக்குப் பரிந்துரைத்தார். அதுவரை பயன்பட்ட ஜெலட்டின் வெப்பத்தில் உருகியது. கிருமிகளும் அதைக் கரைத்தன. அகாரோ உடல் வெப்பநிலையிலும் உறுதியாக நின்றது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் இயலவில்லை. உங்கள் சீழையோ சிறுநீரையோ 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்பும்போது, எக்கிருமி, எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அகார் தட்டிலேயே கண்டறிகிறோம்.

ஆல்ஜினேட்: புண்ணின் மீது

நீர் மிகுதியாகக் கசியும் புண்களுக்கு ஆல்ஜினேட் கட்டு இடுகிறோம். இழையிலுள்ள கால்சியம் வெளியேறிப் புண்ணீரிலுள்ள சோடியம் உட்புகுவதால், அது கூழாக மாறுகிறது. கசிவையும் அதிலுள்ள கிருமிகளில் ஒரு பகுதியையும் அக்கூழ் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. ஆல்ஜினேட் தானாகக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் குறைவு. அத்தேவை இருப்பின் வெள்ளி சேர்த்த கட்டைத் தேர்கிறோம். கட்டைப் பிரிக்கையில் காணும் மஞ்சள் நிறக் கூழைச் சீழ் எனக் கருதிப் பலர் அஞ்சுவதுண்டு. புண்ணை உப்புநீரால் கழுவியபின் எஞ்சும் நிலையைக் கொண்டே நாம் முடிவுசெய்கிறோம். காய்ந்த புண்ணுக்கு இக்கட்டு ஏற்றதன்று.

கராஜினன்: ஆய்வகமும் உடலும்

கராஜினனில் கந்தகம் சார்ந்த எதிர்மின் குழுக்கள் உள்ளன. சில வைரஸ்கள் நம் செல்லின் மேற்பரப்பிலுள்ள இதுபோன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றியே உள்ளே நுழைகின்றன. கராஜினன் இடையில் நின்று அந்த வைரஸ்களைத் தன்பால் ஈர்த்துத் தடுக்கிறது. இதன் அடிப்படையில் சளிக்கான மூக்குத் தெளிப்பான்கள் சில நாடுகளில் விற்பனையில் உள்ளன.

ஆனால் ஆய்வகத்தில் வென்றது உடலிலும் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை. ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைத் தடுத்த கராஜினன் களிம்பு, தென்னாப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி அக்களிம்பு தீங்கற்றதாயினும் தொற்றைத் தடுக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் கிருமி மடிந்தது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இதனை நினைவிற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மருத்துவர் குறித்த ஆன்டிபயாட்டிக்கைக் குறித்த நாள்வரை உட்கொள்ளுங்கள். பக்கவிளைவு தோன்றினால் தாமாக நிறுத்தாமல் எம்மிடம் கூறுங்கள்.
2. கடற்பாசிப் பொடியைப் புண்ணில் தூவாதீர்கள். கட்டுக்கான ஆல்ஜினேட் கிருமி நீக்கம் செய்யப்பட்டது, கடைப்பொடி அவ்வாறன்று.
3. பல கடற்பாசிகளில் அயோடின் மிகுதி. தைராய்டு நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் அவற்றை மாத்திரையாகவோ பொடியாகவோ உண்ண வேண்டாம்.
4. ஃபுகாய்டனுக்கு இரத்த உறைவைத் தாமதப்படுத்தும் தன்மை ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. வார்ஃபரின் போன்ற மருந்து உண்போர் அதைத் தவிர்க்க வேண்டும்.
5. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, வலியோ வீக்கமோ கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அடுத்த கட்டு நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். நீரிழிவு நோயாளிக்குக் கால் மரத்திருப்பின் வலி தெரியாது. ஆகவே உடனிருப்போர் நாள்தோறும் அவர் பாதங்களைப் பார்த்தல் இன்றியமையாதது.

கடல் தந்த இப்பொருள்கள் மருத்துவத்திற்குத் துணைநிற்கின்றன. அத்துணையை எங்கே, எப்போது கொள்வது என்பதை உங்களுடன் கலந்தே முடிவுசெய்ய விரும்புகிறோம். வீட்டில் எப்பொடியை, எக்களிம்பைப் பயன்படுத்தியிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். அதற்காக எவரையும் நாம் கடிந்துகொள்ள மாட்டோம்.