அவரைக்கொடியில் அசுவினி

கேள்வி: எங்கள் அவரைக்கொடியின் தளிர்களில் கறுப்புப் பூச்சிகள் அப்பிக்கிடக்கின்றன, எறும்புகளும் ஊர்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: தளிர் நுனியிலும் பூங்காம்பிலும் எள்ளைத் தூவினாற்போல் அடர்ந்து நின்று சாற்றை உறிஞ்சும் அவை அசுவினிகளே என்பதற்கு, அவை கழிக்கும் தித்திப்பான திரவத்தை நாடிவரும் எறும்புகளே பிரத்தியட்ச சாட்சி. அத்திரவம் படிந்த இலைகளில்தான் பின்னர் கரும்பூசணம் படரும். ஆண் சேர்க்கையின்றியே பெண் பூச்சிகள் குஞ்சுகளை ஈன்று பெருகுமாதலால், தாமதியாமல் மொய்த்த நுனிகளைக் கிள்ளி அழித்துவிட்டு, லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறமும் நனையும்படி மாலையில் தெளியுங்கள். ஆனால் பொறிவண்டுகளும் அவற்றின் கருநிறப் புழுக்களும் அங்கே ஏராளமாகத் திரிவதைக் கண்டால், தயவுசெய்து தெளிப்பதைச் சில தினங்கள் ஒத்திவையுங்கள். அசுவினியைத் தின்றே வளரும் அந்த உபகாரிகளை விரோதிகளென்று எண்ணிப் பலர் நசுக்கிவிடுவது எனக்குப் பெரிய மனத்தாங்கல்.