எக்ஸெல்லைத் திறக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் கொஞ்சம் பழகியதும், வீட்டுக்கோ கடைக்கோ ஒரு கணக்கு தயாரித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் உடனே கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். சாப்ட்வேர் நிறுவனங்களில் கீபோர்டில் கை வைக்கும் முன் ஒரு வேலை செய்வார்கள். அதற்கு ரெக்கொயர்மென்ட்ஸ் அனாலிசிஸ் என்று பெயர். தமிழில் தேவை ஆய்வு எனலாம். யார் பயன்படுத்தப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கவே கூடாது என்று கேட்டு எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கும் கட்டம் இது.

நமக்குப் பழக்கமான மின்சார ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். நான் வசிக்கும் கூடுவாஞ்சேரியில், டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே பீச் வண்டி கிளம்பிப் போவதைப் பார்க்காதவர்கள் குறைவு. ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம், முன்பதிவில்லாத டிக்கெட்டுக்காக யு.டி.எஸ். என்ற மொபைல் செயலியைத் தயாரித்தது. 2014 டிசம்பரில் மும்பையில் அது அறிமுகமானபோது, மொபைலில் பணம் கட்டிய பிறகும் ஸ்டேஷனில் உள்ள தானியங்கி இயந்திரத்தில் டிக்கெட்டை அச்சிட்டு எடுக்க வேண்டியிருந்தது.

'மொபைலில் டிக்கெட் வாங்க வேண்டும்' என்பது கேட்டது. அது கிடைத்துவிட்டது. ஆனால் பயணிக்கு உண்மையில் வேண்டியது வரிசையில் நிற்காமல் வண்டி ஏறுவது. இயந்திரத்தின் முன்னும் நாலு பேர் நின்றால் அவருக்கு என்ன லாபம்? கேட்பது வேறு, தேவை வேறு. பாடத்தின் பாதி இதிலேயே இருக்கிறது.

2015 ஏப்ரலில் எழும்பூர் - தாம்பரம் இடையே காகிதமே இல்லாத டிக்கெட் வந்தது. காகிதத்தை எடுத்ததும் இன்னொருவரின் தேவை முன்னுக்கு வந்தது. அவர்தான் டிக்கெட் பரிசோதகர். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன்பே வாங்கியாக வேண்டும். மொபைல் கையில் இருந்தால், பரிசோதகர் பெட்டிக்குள் வருவதைப் பார்த்த பிறகு வாங்கலாமே! அதனால் ஜி.பி.எஸ். மூலம் இடத்தை அறிந்து, ஸ்டேஷனுக்குள்ளோ வண்டிக்குள்ளோ இருந்தால் டிக்கெட் தராதபடி செய்தார்கள். இதில் நேர்மையான பயணியும் மாட்டிக்கொண்டார். ஞாபகமில்லாமல் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டால் வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும். பின்னாளில் ஸ்டேஷன்களில் க்யூ.ஆர். கோடு ஒட்டப்பட்டது. அதை ஸ்கேன் செய்தால் ஸ்டேஷனுக்குள்ளேயே டிக்கெட் எடுக்கலாம். 2025 ஜூலையில் ரயில்ஒன் என்ற புதிய செயலியும் வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் தாம்பரம் வரைதான். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் பட்டியலில் இல்லை. எங்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் எதுவரை செய்வது என்று எல்லையைச் சிறிதாக வைத்துச் சோதித்துப் பார்ப்பது சரியான முறை.

இனி நம் அளவுக்கு வருவோம். எங்கள் பகுதியில் தண்ணீர் கேன் போடுபவர் ஒருவர் என்னிடம், "சார், யார் எவ்வளவு பாக்கின்னு தெரியணும். ஒரு எக்ஸெல் போட்டுக் குடுங்க" என்றார். நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். "அண்ணே, மாசக் கடைசியில எதுல கை கடிக்குது?" என்றேன். "பாக்கி எப்படியும் வந்துடும் சார். காலி கேன்தான் திரும்ப மாட்டேங்குது. வீடு காலி பண்ணிட்டுப் போறவங்க கேனோட போயிடறாங்க."

ஆக, அவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்த வீட்டில் எத்தனை கேன் நிற்கிறது என்பது. பாக்கி அதற்கு அடுத்தது.

கேன் போடும் பையனிடமும் பேசினேன். வண்டியில் போகும்போது அவனால் டைப் செய்ய முடியாது. நோட்டில் கிறுக்கத்தான் முடியும். ராத்திரி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போவது அண்ணனின் மனைவி. பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் அவருக்குத் தேடவே நேரம் போதாது. பையன் போகும் தெரு வரிசையிலேயே, தமிழிலேயே இருக்க வேண்டும் என்றார். முதலாளியிடம் மட்டும் பேசியிருந்தால் இது வந்திருக்காது.

இவற்றை ஒரு தாளில் எழுதினோம். பெரிய ப்ராஜெக்ட்டுகளில் இதையே எஸ்.ஆர்.எஸ். என்று கட்டுக்கட்டாகத் தயாரிப்பார்கள். எழுதும்போது 'சுலபமாக இருக்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். அதை எப்படிச் சோதிப்பது? 'ஒரு நாள் கணக்கை 15 நிமிடத்தில் ஏற்றி முடிக்க வேண்டும்' என்று எழுதினால் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேண்டாதவற்றையும் எழுதுங்கள். 'எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி இப்போது வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தோம்.

படித்துக் காட்டியபோது அண்ணன் ஓரிடத்தில் நிறுத்தினார். "சார், சில வீட்டுல சொந்தக் கேன் வெச்சிருக்காங்க. அதை நம்ம கேனோட சேர்த்துடாதீங்க." தாளில் ஒரு வரி திருத்தினால் முடிந்தது. மூன்று மாதக் கணக்கு ஏறிய பிறகு தெரிந்திருந்தால் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேனை எண்ண வேண்டியிருந்திருக்கும்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்த கட்டங்கள்: தெரு, வீடு, சொந்தக் கேனா, கொடுத்தது, திரும்பியது, வீட்டில் நிற்பது, முன்பணம், பாக்கி. இவற்றை எக்ஸெல்லில் அமைத்து, 'வீட்டில் நிற்பது' தானாக வருமாறு பார்முலா போடுவதை அடுத்த இதழில் செய்து பார்ப்போம். அதற்குள் உங்கள் வீட்டுப் பால் கணக்குக்கோ கடைக் கணக்குக்கோ இதுபோல ஒரு தாள் எழுதி வையுங்கள்.