வினை மறப்பதில்லை: ‘வியர்டு வெஸ்ட்’ விளையாட்டைப் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சங்க மலரில் கணினி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் வியக்கலாம். விளையாட்டு என்றாலே வேலையற்றவர் வேலை என்று ஒதுக்குவது நம் பெரியவர்களின் வழக்கம். தேர்வு நெருங்கும் நாளில் அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆயினும், நாடகத்தையும் திரைப்படத்தையும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஒதுக்கினார்கள். பின்னர் அவற்றை ஆராய்வதும் கல்வியே என்று ஏற்றுக்கொண்டார்கள். கணினி விளையாட்டுக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட நாங்கள் நால்வர், ஒரே கணினியில் முறை வைத்துக்கொண்டு ‘வியர்டு வெஸ்ட்’ என்னும் விளையாட்டை ஆடினோம். ‘விந்தை மேற்கு’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். ஆடியபோது நாங்கள் கண்டவற்றையும், அவற்றால் என் உள்ளத்தில் எழுந்த ஐயங்களையும் இங்கே எழுதுகிறேன்.

கௌபாய்க் கதையும் பேய்க் கதையும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பற்றிய கதைகள் தமிழருக்குப் புதியன அல்ல. சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் நம்மில் பலர். 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் நமக்கு உறவினர் போல் ஆகிவிட்டார். அந்த டெக்ஸின் பகைவருள் மெபிஸ்டோ என்னும் மந்திரவாதி ஒருவன் உண்டு. துப்பாக்கியும் மந்திரமும் ஒரே கதையில் சந்திப்பதை நாம் சிறு வயதிலேயே கண்டிருக்கிறோம்.

இவ்வகைக் கதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1932-இலேயே ராபர்ட் ஈ. ஹோவர்ட் டெக்சஸ் மண்ணில் நிகழும் பேய்க் கதையை எழுதினார். 1972-இல் ஜோனா ஹெக்ஸ் என்னும் வடுமுக வீரன் சித்திரக் கதையில் தோன்றினான். 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வெளிவந்து, பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு என்னும் வகையை நிலைநாட்டியது. 1996-இல் ஷேன் ஹென்ஸ்லி ‘டெட்லேண்ட்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில் இவ்விரண்டையும் இணைத்தார். 1863-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் மாண்டவர்கள் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவர் கற்பனை.

‘வியர்டு வெஸ்ட்’ இவ்வழியில் வந்தது. இதை உருவாக்கியவர் ரபேல் கொலாந்தோனியோ. 1999-இல் பிரான்சின் லியோன் நகரில் ஆர்கேன் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். 2017-இல் அதை விட்டு விலகி, ஜூலியன் ரோபியுடன் சேர்ந்து உல்ப்ஐ என்னும் சிறு நிறுவனத்தை அமைத்தார். 2022 மார்ச் 31 அன்று இவ்விளையாட்டு வெளிவந்தது.

ஐந்து உடல், ஓர் உயிர்

விளையாட்டின் அமைப்பு விந்தையானது. ஆடுபவருக்கு நிலையான உடல் இல்லை. கழுத்தில் ஒரு முத்திரை சுடப்படுகிறது. அம்முத்திரை உடையவர் ஒருவர் உடலில் புகுந்து அவர் கதையை வாழ்ந்து முடித்தபின், அடுத்தவர் உடலுக்குச் செல்ல வேண்டும். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

முதலில் ஜேன் பெல் என்னும் பெண். கூலிக்குக் குற்றவாளிகளைப் பிடிக்கும் தொழிலை விட்டுவிட்டு வேளாண்மை செய்து வாழ்ந்தவள். கொள்ளையர் வந்து அவள் மகனைக் கொன்று கணவனைக் கடத்திச் செல்கின்றனர். மண்ணில் புதைத்துவைத்த துப்பாக்கியை அவள் மீண்டும் தோண்டி எடுக்கிறாள். இரண்டாவது, பன்றித் தலை பொருத்தப்பட்ட மனித உடல். தான் முன்பு யார் என்பதையே மறந்தவன். மூன்றாவது, அக்ராஸ் ரிவர்ஸ் என்னும் தொல்குடி இளைஞன். நான்காவது, ஓநாயாக மாறும் மனிதன். ஐந்தாவது, மறைஞானக் கூட்டத்தில் சேரும் ஒரு பெண்.

ஒரு கதை முடிந்தவுடன் அந்த மனிதர் மறைந்துவிடுவதில்லை. அவர் அதே உலகில் வாழ்கிறார். பன்றி மனிதனாகச் சென்று ஜேனை நான் சந்தித்தேன். நேற்று வரை நானாக இருந்தவள் இன்று என் எதிரே நின்றாள். அவளைத் துணைக்கு அழைத்தால் உடன் வருகிறாள். என்னை நானே வெளியிலிருந்து பார்ப்பது போன்ற அந்த உணர்ச்சியை வேறு எந்தக் கலையிலும் நான் அடைந்ததில்லை.

நால்வர் ஆடிய நான்கு விதம்

ஒரே விளையாட்டை நால்வரும் நான்கு விதமாக ஆடினோம். கணிதம் பயிலும் நண்பர் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. குனிந்தே நடப்பார், காவற்காரனைப் பின்னாலிருந்து மயக்கிப் புதரில் ஒளித்துவைப்பார், துப்பாக்கி வெடித்தால் அதைத் தம் தோல்வியாகக் கருதுவார். வேதியியல் மாணவரான தம்பிக்கோ துப்பாக்கியைவிட எண்ணெய்ப் பீப்பாயின்மீதே காதல். எண்ணெய் சிந்திய இடத்தில் தீ பரவும், தண்ணீரில் மின்சாரம் பாயும் என்னும் இயற்கை விதிகள் அவ்வுலகிலும் உண்டு. பகைவனை எரிக்கப்போய்த் தம்மையே எரித்துக்கொண்டது அவர் பலமுறை செய்த சாதனை.

சமூகவியல் பயிலும் அக்கா ஒருவர், வழியில் கட்டுண்டு கிடப்பவரை எல்லாம் அவிழ்த்துவிட்டே செல்வார். “இப்படி ஒவ்வொருவருக்காகவும் நின்றால் கதை எப்போது முடியும்?” என்று நாங்கள் கேலி செய்தோம். ஆனால், பின்னொரு நாள் அவர் பெரும் போரில் சிக்கியபோது, எங்கிருந்தோ ஒருவன் ஓடிவந்து அவர் பக்கம் நின்று சுட்டான். முன்பு அவர் காப்பாற்றியவனே அவன்! இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் கையிலிருந்து தப்பி ஓடிய பகைவன் வஞ்சம் வளர்த்துக்கொண்டு, நாம் எதிர்பாராத வழியில் வந்து தாக்குவான்.

ஊர் மறப்பதில்லை

இனி என் கதைக்கு வருகிறேன். ஜேனாக ஆடியபோது கிராக்கிள் என்னும் சிற்றூரில் ஒரு சிறு பொருளைத் திருடினேன். ஒருவன் பார்த்துவிட்டான். அவன் கூச்சலிடாதபடி அவனைச் சுட்டேன். ஓசை கேட்டு இருவர் வந்தனர், அவர்களையும் சுட்டேன். காவலர் வந்தனர், தீயும் பற்றியது. கால் மணி நேரத்தில் அவ்வூரில் பேசுவதற்கு ஆள் இல்லை. கணவனைத் தேடிப் புறப்பட்ட ஒருத்தியின் கையால், பல வீடுகளை நான் பாழாக்கிவிட்டேன்.

“அண்ணா, சேமித்து வைத்த இடத்திற்கே திரும்பிப் போய்விடலாமே! நடந்தது நடக்காதது போல் ஆகிவிடும்” என்றார் தம்பி. விளையாட்டு அந்த வசதியைத் தருகிறது. ஏனோ எனக்கு மனம் வரவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஆடினேன்.

பல மணி நேரம் கழித்து, பன்றி மனிதன் உடலில் அதே ஊருக்கு வந்தேன். கடையில் விற்பவர் இல்லை. தெருவில் மனித நடமாட்டம் இல்லை. ஆளற்ற ஊரில் கொடிய உயிர்கள் குடிபுகுந்திருந்தன. என் காயத்திற்கு மருந்து வாங்க அங்கே வந்தவன் நான். மருந்து விற்க வேண்டியவரைக் கொன்றவனும் நான். உடல்தான் வேறு. எந்த அசரீரியும் என்னைக் கண்டிக்கவில்லை. எவரும் அறிவுரை கூறவில்லை. ஊரின் மௌனம் மட்டுமே இருந்தது. அன்று இரவு நான் விரைவாகவே கணினியை மூடிவிட்டேன்.

பேய்க் கதையில் பேய் எங்கே இருக்கிறது என்பதற்கு அன்று எனக்கு விடை கிடைத்தது. சூனியக்காரியும் ஓநாய் மனிதனும் என்னை அவ்வளவாக அச்சுறுத்தவில்லை. நான் செய்ததையே நான் திரும்ப வந்து பார்க்க நேர்ந்ததுதான் அச்சுறுத்தியது.

யாருடைய நிலம்?

மூன்றாம் கதையை ஆடும்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தால் நண்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். அக்ராஸ் ரிவர்ஸின் மக்கள், வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் அனிஷினாபே மக்களின் மரபைத் தழுவிப் படைக்கப்பட்டவர்கள். அவன் எதிர்க்கும் பேய் வெண்டிகோ. உண்ண உண்ண அடங்காத பசியுடையது அது. பேராசையின் வடிவம் என்று அம்மக்கள் அதைச் சொல்வார்கள்.

சிறிது நேரம் பார்த்த நண்பர், “இதற்கு முன் இரண்டு கதை ஆடினீர்களே, அந்த ஊர்களெல்லாம் யார் நிலத்தில் இருந்தன?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்த வினாவை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வரலாற்றைப் பார்த்தால் அந்த வினாவின் கூர்மை விளங்கும். 1862-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம், குடியேறியவர்க்குத் தலைக்கு 160 ஏக்கர் வரை நிலம் தந்தது. 1869-இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை முடிவுற்றது. 1890 டிசம்பரில் ஊண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்கள், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, படையினரால் கொல்லப்பட்டனர். மூன்றாண்டுகள் கழித்து, 1893-இல், எல்லைப்புற வாழ்வே அமெரிக்கப் பண்பை வார்த்தது என்று பிரடெரிக் டர்னர் சிகாகோவில் பெருமிதத்தோடு கட்டுரை படித்தார். அதற்கு முன்பே, 1883 முதல், பபல்லோ பில் அந்த வாழ்வைக் காட்சியாக்கிக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டார். நாம் ரசித்த கௌபாய்க் கதை இந்த மண்ணில் முளைத்தது.

வெறும் கௌபாய்க் கதை இந்த உண்மையை மூடிவைக்கிறது. பேய் கலந்த கதையோ, புதைத்ததைத் தோண்டி எடுக்கிறது. இறந்தவர் எழுந்து வருகிறார் என்றால், அவர் ஏன் இறந்தார் என்னும் கேள்வியும் கூடவே எழுகிறதல்லவா? சந்தால் நண்பர் தம் தாத்தாவின் நிலம் சுரங்கத்திற்காகப் போன கதையை அன்று எங்களுக்குச் சொன்னார். ஈராண்டுகளாக ஒரே விடுதியில் உண்டு உறங்கியும் நாங்கள் அதைக் கேட்டதில்லை.

குறைகள்

நிறையை மட்டும் கூறுவது ஆய்வாகாது. உயரத்திலிருந்து பார்க்கும் காட்சியமைப்பால் போர் மூண்டதும் யார் எங்கே என்று தெரியாமல் குழப்பம் உண்டாகிறது. துணைக்கு வருபவர்கள் சில வேளைகளில் பகைவரைவிட நமக்கே மிகுந்த தீங்கு செய்கின்றனர். சுரங்கங்களும் பண்ணைகளும் ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதால் நான்காம் கதையில் சலிப்புத் தட்டுகிறது. பையில் இடம் போதாமல் பொருளை எடுப்பதும் எறிவதுமாகப் பெரும் பொழுது கழிகிறது. ஐந்து கதைகளுள் முதல் மூன்றில் உள்ள உயிர்த்துடிப்புப் பின்னிரண்டில் குறைவு என்பது எங்கள் நால்வரின் ஒருமித்த கருத்து.

முடிவுரை

ஒரு விளையாட்டு மனிதனைத் திருத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அடுத்த நாளே வேறொரு விளையாட்டில் பலரைச் சுட்டேன். ஆனால் நூலைப் படிக்கும்போது பிறர் செய்த தவற்றுக்கு வருந்துகிறோம். இங்கே தவறு நம் கையால் நடக்கிறது. இந்த வேற்றுமையே இக்கலையின் தனித்தன்மை என்று கருதுகிறேன். இலக்கியம் பயிலும் மாணவர்கள் இதை ஆராய முன்வர வேண்டும்.

தோழர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இவ்விளையாட்டை ஆடிப் பாருங்கள். தனியே ஆடாதீர்கள், அருகில் ஒருவரை, இயன்றால் வேற்று மாநிலத்தவர் ஒருவரை, அமர்த்திக்கொண்டு ஆடுங்கள். எங்களுக்குத் தோன்றாத கேள்வி, அருகில் அமர்ந்திருந்தவருக்கே தோன்றியது.